வைட் கேரக்டரிலிருந்து பைட்டுக்கு: சி நிரலாளர்கள் கண்ட முப்பது ஆண்டுகள்

சி மொழியில் ஸ்ட்ரிங் என்பது பூஜ்யத்தில் முடியும் ஒரு பைட் வரிசை. அந்தப் பைட்கள் எந்த என்கோடிங்கில் எழுதப்பட்டவை என்ற குறிப்பு அதற்குள் எங்கும் இருக்காது. வைட் ஸ்ட்ரிங்கில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள ஓர் எண் இருக்கும். நிரலுக்குள் எண்ணவும் தேடவும் வெட்டவும் அது வசதி. ஆனால் ஃபைல், பிரின்டர், நெட்வொர்க், டேட்டாபேஸ் எல்லாம் பைட்களைத்தான் கேட்கும். எனவே நிரலை விட்டு வெளியேறும் இடத்தில் வைட் ஸ்ட்ரிங்கை மல்டிபைட் ஸ்ட்ரிங்காக மாற்றியே ஆக வேண்டும். பார்த்தால் ஒரு வரி வேலை. தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகவும் கட்டங்களாகவும் மாறி வந்த சம்பவங்களைத் தோண்டிப் பார்த்தால், பல முறை அந்த ஒரு வரியில்தான் போய் முடியும்.

முதன்முதலில் இந்த வேலையைத் தொடுபவர்களில் பலர் மாற்றுவதே இல்லை. வைட் ஸ்ட்ரிங்கின் முகவரியை சாதாரண கேரக்டர் பாயின்டராக ‘காஸ்ட்’ செய்து அச்சிடுகிறார்கள். கம்பைலர் வாயை மூடிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய பெயரின் முதல் எழுத்து மட்டும் திரையில் வந்து நிற்கிறது. காரணம் எளிது: ஆங்கில எழுத்து வைட் வடிவில் ஒரு பைட்டில் எண்ணும் மற்ற பைட்களில் பூஜ்யமுமாக இருக்கிறது, அச்சிடும் ஃபங்ஷன் முதல் பூஜ்யத்தைக் கண்டதும் ஸ்ட்ரிங் முடிந்தது என்று நினைக்கிறது. காஸ்ட் என்பது கம்பைலரிடம் சொல்லும் பொய். பைட்களை அது தொடுவதில்லை.

மாற்றுவதற்கான ஃபங்ஷன்கள் 1989இல் வந்த முதல் சி தரத்திலேயே உண்டு. முழு ஸ்ட்ரிங்கையும் மாற்றுவது டபிள்யூசிஎஸ்-டூ-எம்பிஎஸ். ஓர் எழுத்தை மட்டும் மாற்றுவது டபிள்யூசி-டூ-எம்பி. இவற்றைக் கேட்டு வாங்கியதில் ஜப்பானியக் கணினித் துறையின் தேவைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆயிரக்கணக்கான காஞ்சி எழுத்துகள் ஒரு பைட்டில் அடங்காது. ஷிஃப்ட்-ஜிஸ் என்ற என்கோடிங் ஓர் எழுத்துக்கு இரண்டு பைட் எடுத்துக்கொண்டது. அந்த இரண்டாவது பைட் சில எழுத்துகளில் 92 ஆக வந்தது. 92 என்பது பேக்ஸ்லாஷின் எண். ஃபைல் பாதையைப் பைட் பைட்டாகப் படித்த நிரல்கள், எழுத்தின் நடுவே ஒரு டைரக்டரி பிரிவதாக எண்ணித் தடுமாறின. பைட் ஒன்று எழுத்தா, எழுத்தின் பாதியா என்பது முன்னால் வந்த பைட்டைப் பொறுத்தது என்ற பாடத்தை ஜப்பானிய நிரலாளர்கள் மற்றவர்களுக்கு முன்பே கற்றுக்கொண்டார்கள்.

மின்னஞ்சலுக்குப் பயன்பட்ட இன்னொரு ஜப்பானிய என்கோடிங் இதைவிடச் சிக்கலானது. எஸ்கேப் பைட்டில் தொடங்கும் ஒரு சிறு வரிசை வந்தால் அடுத்து வருவதெல்லாம் காஞ்சி. இன்னொரு வரிசை வந்தால் மீண்டும் ஆங்கிலம். இதை எழுத்தெழுத்தாக மாற்றுபவர் இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். 1989இன் ஃபங்ஷன்களில் ஓர் எழுத்தை மாற்றுவது அந்த நினைவைத் தனக்குள்ளேயே ஒளித்து வைத்துக்கொண்டது. ஒரே நேரத்தில் இரண்டு ஸ்ட்ரிங்கை எழுத்தெழுத்தாக மாற்றினால் ஒன்றின் நிலை மற்றதில் கலக்கும். 1995இல் வந்த திருத்தம் இதைச் சரிசெய்தது. பெயரின் நடுவில் ஓர் ‘ஆர்’ சேர்ந்த புதிய வடிவங்கள் வந்தன. நிலையை நினைவில் வைக்கும் பொறுப்பை அவை அழைப்பவரின் கையில் கொடுத்தன. முப்பது ஆண்டு ஆகியும் பழைய வடிவத்தையே கற்றுக்கொடுக்கும் பாடங்கள் இன்றும் இருப்பது வருத்தமான விஷயம்.

இதற்கிடையில் 1991இல் யூனிகோட் வந்தது. உலக எழுத்துகள் எல்லாம் 16 பிட்டில் அடங்கிவிடும் என்பது அன்றைய கணக்கு. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்டி அந்தக் கணக்கை நம்பி வைட் கேரக்டரை 16 பிட்டாக வைத்தது. 1996இல் யூனிகோட் 2.0 அந்த எல்லையைத் தாண்ட வழி செய்தபோது, பின்வாங்க முடியாத அளவுக்கு மென்பொருள்கள் எழுதப்பட்டுவிட்டன. லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி 32 பிட்டை எடுத்துக்கொண்டது. ஒரே சி நிரல், ஒரே வைட் ஸ்ட்ரிங், இரண்டு இயங்குதளத்தில் இரண்டு அகலம். வைட் ஸ்ட்ரிங்கை அப்படியே ஃபைலில் எழுதி, அந்த ஃபைலை இன்னொரு இயங்குதளத்தில் படிக்க முயன்றவர்களுக்கு இது தெரியவரும். தரமோ வைட் கேரக்டரின் எண் யூனிகோட் எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை.

பைட் பக்கத்தில் நல்ல தீர்வு 1992 செப்டம்பரில் பிறந்தது. கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து யூடிஎஃப்-8 என்ற என்கோடிங்கை வரைந்தார்கள். அதில் ஆங்கில எழுத்துகளின் பைட்கள் மாறவில்லை. மற்ற எழுத்துகளின் பைட்கள் எல்லாமே 128 அல்லது அதற்கு மேல். ஆகவே எழுத்தின் நடுவே பூஜ்யமோ ஸ்லாஷோ பேக்ஸ்லாஷோ வரவே வராது. நடுவில் எங்கு கை வைத்தாலும் அது எழுத்தின் தொடக்கமா தொடர்ச்சியா என்று அந்த ஒரு பைட்டே சொல்லிவிடும். ஷிஃப்ட்-ஜிஸ்ஸோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.

தமிழ் இந்த நீரோட்டத்தில் கலந்தது கொஞ்சம் தாமதமாக. தொண்ணூறுகளில் தமிழ் ஒரு பைட் ஃபான்ட் என்கோடிங்குகளில் வாழ்ந்தது. இணையத்தில் டிஸ்கி என்ற என்கோடிங் பரவியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற இரு முறைகள் தமிழ்நாட்டில் தரமாயின. இவற்றில் எழுத்துகள் கண்ணில் படும் வரிசையில் நின்றன: ‘கொ’ என்று எழுத முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடிலோ முதலில் க, பிறகு ஒகரக் குறி, ஆக இரண்டே கோட்பாயின்ட் (யூனிகோட் எண்). யூனிகோடிலிருந்து டிஸ்கிக்கு மாற்றும் நிரல் ‘க’வைக் கண்டவுடன் வெளியே எழுதிவிடக் கூடாது, அடுத்து என்ன வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கொம்பை முன்னால் வைக்க முடியும். ஜப்பானியர்களுக்காக வந்த அந்த ‘நிலை’ இங்கே தமிழுக்கும் தேவைப்பட்டது. ஜிலிப்சியில் டிஸ்கிக்கான மாற்றி இன்றும் இருக்கிறது. பழைய கோப்புகளை மீட்க வேண்டியவர்கள் ஐகான்வ் என்ற கருவி வழியாக அதைப் பயன்படுத்தலாம்.

விண்டோஸ் 2000 தமிழுக்கு யூனிகோட் ஆதரவும் லதா ஃபான்ட்டும் கொண்டுவந்தது. ஆனால் தமிழுக்கென்று பழைய வகை ஆன்சி கோட்பேஜ் எதையும் மைக்ரோசாஃப்ட் வைக்கவில்லை. இதன் விளைவைத் தமிழ் நிரலாளர்கள் நேரில் அனுபவித்தார்கள். வைட் வடிவில் திரையில் அழகாகத் தெரிந்த தமிழ், சிஸ்டம் கோட்பேஜுக்கு மாற்றியதும் எழுத்துக்கு ஒன்றாகக் கேள்விக்குறி ஆனது. ஐரோப்பியக் கோட்பேஜில் ‘க’வுக்கு இடமே கிடையாது என்பதால் வந்த கேள்விக்குறி அது. பலர் அதை ஃபான்ட் கோளாறு என்று நினைத்து ஃபான்ட்டை மாற்றிப் பார்த்தார்கள். இந்த இடத்தில் ஒரு அடையாளம் உதவும்: கட்டமாகத் தெரிந்தால் எழுத்து பெரும்பாலும் உள்ளே இருக்கிறது, ஃபான்ட்தான் இல்லை; கேள்விக்குறியாகிச் சேமிக்கப்பட்டுவிட்டால் எழுத்தே போய்விட்டது, எந்த ஃபான்ட்டாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

லினக்ஸ் பக்கம் 2000ஆம் ஆண்டு இறுதியில் ஜிலிப்சி 2.2 வந்த பிறகு யூடிஎஃப்-8 லொக்கேல்கள், அதாவது மொழி-வட்டார அமைப்புகள், நிலைபெற்றன. இங்கே தடுக்கி விழும் கல் வேறு. டபிள்யூசிஎஸ்-டூ-எம்பிஎஸ் எந்த என்கோடிங்குக்கு மாற்றும் என்பதை அந்த ஃபங்ஷனிடம் நேரடியாகச் சொல்ல வழியில்லை. அது லொக்கேலைப் பார்த்து முடிவு செய்கிறது. எந்த சி நிரலும் தொடங்கும்போது ‘சி’ என்ற பெயருள்ள அடிப்படை லொக்கேலில்தான் தொடங்கும். யூசர் தன் கணினியைத் தமிழுக்கே அமைத்திருந்தாலும், நிரல் செட்லொக்கேல் ஃபங்ஷனை வெற்று ஸ்ட்ரிங்குடன் அழைக்காதவரை அந்த அமைப்பு செல்லாது. அழைக்காமல் விட்டால் லினக்ஸில் முதல் தமிழ் எழுத்திலேயே மாற்றம் தோற்கும்.

அழைத்த பிறகும் கதை முடிவதில்லை. ஒரு அலுவலகத்தில் சம்பளச் சீட்டுத் தயாரிக்கும் நிரல் பகலில் டெர்மினலில் ஓட்டினால் சரியாக ஓடும்; இரவில், குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரான் ஓட்டினால் பெயர் இடம் காலியாக வரும். இப்படிப்பட்ட புகாரைச் சந்திக்காத யூனிக்ஸ் நிரலாளர் அபூர்வம். டெர்மினலில் ‘லாங்’ என்ற சூழல் மாறியில் யூடிஎஃப்-8 என்று இருக்கும். பல சர்வர்களில் கிரான் அந்த மாறியை எடுத்துச் செல்வதில்லை. செட்லொக்கேல் கையில் கிடைப்பது வெறும் ‘சி’. இதே கதை இன்று டாக்கர் கன்டெய்னர்களில் திரும்ப நடக்கிறது. அடிப்படை இமேஜ்களில் ‘லாங்’ பெரும்பாலும் அமைக்கப்படாமலே வரும். ‘லாங்’ இல்லாதபோது செட்லொக்கேல் தோற்காமல் ‘சி’ என்ற பெயரையே திருப்புகிறது; கேட்ட லொக்கேல் கணினியில் இல்லாதபோதுதான் தோற்று நல் பாயின்டரைத் திருப்புகிறது. இரண்டையும் சோதித்து, நல் அல்லது ‘சி’ வந்தால் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு நிற்பது ஒரு இரவு வேலையை மிச்சப்படுத்தும். டெபியனில் முன்பே இருந்த ‘சி.யூடிஎஃப்-8’ என்ற லொக்கேல் 2022இல் ஜிலிப்சி 2.35இலேயே சேர்ந்துவிட்டதால், மொழி எதுவானாலும் யூடிஎஃப்-8 மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு இப்போது வழி எளிது.

லொக்கேல் முழுவதையும் மாற்றுவதிலும் ஆபத்து உண்டு. ஜெர்மன் லொக்கேலில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வரும். எழுத்து சரியாக வர வேண்டும் என்று எல்லா வகையையும் சேர்த்து மாற்றிய நிரல், காற்புள்ளியால் பிரித்த தரவு ஃபைலில் 12.50 என்பதை 12,50 என்று எழுதி ஒரு தொகையை இரண்டு நெடுவரிசைகளாகப் பிரித்துவிடும். எழுத்து மாற்றத்துக்கு எல்சி-சிடைப் என்ற ஒரு வகையை மட்டும் அமைத்தால் போதும். பல த்ரெட் ஓடும் நிரலில் நடுவழியில் செட்லொக்கேலை அழைப்பது மற்ற த்ரெட்களையும் சேர்த்து ஆட்டும். அங்கே பாசிக்ஸ் 2008இல் வந்த யூஸ்லொக்கேல் அந்தந்த த்ரெட்டுக்கு மட்டும் லொக்கேலை அமைக்கும்.

அடுத்தது இடக் கணக்கு. மற்ற எதையும்விட அதிகத் தமிழ்ப் பெயர்கள் சிதைந்த இடம் இதுதான். தமிழுக்கான முதன்மை யூனிகோட் தொகுதி 2944 முதல் 3071 வரை. அந்த எண்கள் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். ‘க’வின் எண் 2965, அதன் பைட்கள் 224, 174, 149. ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து, வைட் ஸ்ட்ரிங்கில் ஐந்து கோட்பாயின்ட், யூடிஎஃப்-8இல் பதினைந்து பைட், இறுதிப் பூஜ்யத்தோடு பதினாறு.

இருபது பைட் பெயர்ப் பகுதி கொண்ட ஒரு பழைய ரெக்கார்டை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலப் பெயர்களுக்காக என்றோ அமைத்தது. அதில் ‘காமாட்சி’ என்ற பெயரை எழுத வேண்டும். க, கால், ம, கால், ட, புள்ளி, ச, இகரக் குறி என்று எட்டு கோட்பாயின்ட், இருபத்து நான்கு பைட். எல்லை இருபது என்று சொல்லி டபிள்யூசிஎஸ்-டூ-எம்பிஎஸ்ஸை அழைத்தால், அது ஆறு கோட்பாயின்ட்டை, அதாவது பதினெட்டு பைட்டை எழுதும். ஏழாவது முழுசாக அடங்காது என்பதால் பாதியில் வெட்டாமல் நிறுத்திக்கொள்ளும், இதுவரை நல்லது. திருப்பும் எண் பதினெட்டு. ஆனால் பதினெட்டாவது இடத்தில் பூஜ்யம் எழுதாது. ‘திருப்பிய எண் எல்லைக்குச் சமமாக இருந்தால்தான் பூஜ்யம் இருக்காது’ என்று படித்திருக்கும் நிரலாளர் பதினெட்டும் இருபதும் சமமில்லை என்பதைப் பார்த்து, எல்லாம் சரி என்று முடிவு செய்கிறார். ஆங்கிலத்தில் ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து என்பதால் அந்தச் சோதனை அங்கே ஒருபோதும் பொய்க்காது. மூன்று பைட் எழுத்துகளில் பொய்க்கும்.

பிறகு என்ன ஆகும் என்பது பஃபரின் பழைய நிலையைப் பொறுத்தது. முன்கூட்டியே பூஜ்யத்தால் நிரப்பியிருந்தால் ‘காமாட்’ என்று அச்சாகி, அடுத்தவர் கண்ணில் படும்வரை தப்பிக்கும். நிரப்பாமல் விட்டிருந்தால் முந்தைய பெயரின் கடைசி இரண்டு பைட் ஒட்டிக்கொண்டு, அதைத் தாண்டி அடுத்த பகுதியில் உள்ள முகவரியும் பெயரோடு சேர்ந்து அச்சாகும். சோதனைக் கணினியில் நினைவகம் புதிதாகப் பூஜ்யமாக இருந்ததால் ஒழுங்காக ஓடிய நிரல், வாடிக்கையாளர் இடத்தில் நாட்கணக்கில் ஓடிய பிறகு இப்படிக் குளறுவது இதனால்தான்.

‘ஆர்’ சேர்ந்த வடிவத்தில் இந்தக் குழப்பமே இல்லை. அது மூலப் பாயின்டரின் முகவரியை வாங்கிக்கொள்கிறது. முழுசாக மாற்றிப் பூஜ்யமும் எழுதிவிட்டால் அந்தப் பாயின்டரை நல் ஆக்குகிறது. இடம் போதாமல் நின்றால், மாற்றாமல் விட்ட முதல் எழுத்தைக் காட்டும்படி வைக்கிறது. பாயின்டர் நல் ஆனதா என்று பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. சேருமிடத்துக்கு நல் கொடுத்து முதலில் ஒரு முறை அழைத்தால், எத்தனை பைட் வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். அதோடு ஒன்றைக் கூட்டி நினைவகம் கேட்டு இரண்டாவது முறை அழைத்தால் போதும்.

பெயர்ப் பகுதியின் இருபது பைட்டை இருபத்திரண்டாக்கினால் பிரச்சினை தீருமா? இருபத்தொரு பைட் எழுதப்பட்டு ‘காமாட்ச’ என்று வரும். யூடிஎஃப்-8 விதிப்படி குற்றமற்ற ஸ்ட்ரிங். தமிழ்ப்படி தப்பான பெயர். கோட்பாயின்ட் எல்லையில் வெட்டுவது வேறு, எழுத்து எல்லையில் வெட்டுவது வேறு. சியின் தர லைப்ரரிக்கு இரண்டாவது தெரியாது. ஐசியூ போன்ற லைப்ரரி வேண்டும். அதைவிடச் சிறந்த வழி, பகுதியின் அளவைக் கூட்டி வெட்டாமலே இருப்பது. மனிதர்களின் பெயரை வெட்டும் உரிமை எந்த நிரலுக்கும் இல்லை.

தோல்வியைத் தெரிந்துகொள்வதிலும் ஒரு கண்ணி உண்டு. மாற்ற முடியாத எழுத்து வந்தால், முழு ஸ்ட்ரிங்கை மாற்றும் இந்த ஃபங்ஷன்கள் சைஸ்-டி வகையில் மாற்றிய கழித்தல் ஒன்றைத் திருப்புகின்றன. சைஸ்-டியில் எதிர்மறை எண் கிடையாது. ஆகவே 64 பிட் கணினியில் அது 18446744073709551615 என்ற ராட்சத எண். ‘பூஜ்யத்தைவிடக் குறைவா’ என்று சைஸ்-டியைச் சோதிக்கும் வரி என்றைக்கும் உண்மையாகாது. ஜிசிசியில் எக்ஸ்ட்ரா எச்சரிக்கைகளை இயக்கியிருந்தால் கம்பைலரே இதைச் சுட்டிக்காட்டும். சோதிக்காமல் அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டி மாலாக்கிடம் கொடுத்தால் கூட்டுத்தொகை பூஜ்யம். மாலாக் பூஜ்ய அளவுக்கு ஏதோ ஒன்றைக் கொடுக்கலாம், நிரல் எழுதப்படாத இடத்தைப் பெயர் என்று படிக்கும்.

விண்டோஸில் பலர் தர ஃபங்ஷன்களை விட்டு வைட்கேர்-டூ-மல்டிபைட் என்ற விண்டோஸ் ஃபங்ஷனுக்குப் போனார்கள். கோட்பேஜை அதனிடம் நேரடியாகச் சொல்லலாம். 65001 என்றால் யூடிஎஃப்-8. லொக்கேலின் தயவு வேண்டாம் என்பது பெரிய நிம்மதி. மூல நீளத்துக்குக் கழித்தல் ஒன்று கொடுத்தால் இறுதிப் பூஜ்யத்தையும் சேர்த்து எண்ணும். எழுத்து எண்ணிக்கையைக் கொடுத்தால் பூஜ்யத்தை எழுதாது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய நிரல்களில் ஒரு பைட் கூடுவதும் குறைவதும் வழக்கம். பழைய கோட்பேஜில் மாற்ற முடியாத எழுத்துக்குப் பதிலி போட்டதா என்று அறியக் கடைசி அளபுரு ஒன்று உண்டு. யூடிஎஃப்-8க்கு அதை நல் ஆகவே விட வேண்டும், இல்லையென்றால் அழைப்பே தோற்கும். கோட்பேஜ் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தவர்கள் இங்கே முட்டினார்கள்.

16 பிட் அகலத்தின் எல்லை எமோஜிக்குத்தான், தமிழுக்கு அந்தக் கவலை இல்லை என்று நெடுநாள் சொல்லப்பட்டது. 2019இல் யூனிகோட் 12.0 அதைப் பழங்கதையாக்கியது. பழைய கணக்குகளிலும் ஆவணங்களிலும் வரும் தமிழ்ப் பின்னங்களும் அளவைக் குறியீடுகளும் தமிழ்ப் பிற்சேர்க்கை என்ற தொகுதியில் சேர்ந்தன. முந்திரி எனப்படும் 320இல் ஒரு பங்கின் எண் 73664. இது 65535ஐத் தாண்டியது. விண்டோஸில் இரண்டு வைட் கேரக்டர் எடுக்கும். யூடிஎஃப்-8இல் நான்கு பைட் எடுக்கும். தமிழுக்கு எப்போதும் மூன்று பைட் என்று பெருக்கி இடம் ஒதுக்கிய நிரல் லினக்ஸில் இந்த எழுத்தில் ஒரு பைட் குறையும். வைட் எழுத்தை ஒன்றொன்றாக எடுத்து மாற்றும் நிரல் விண்டோஸில் பாதி ஜோடியை மட்டும் பார்த்துத் தோற்கும். பழைய ஆவணங்களை எண்ணிம வடிவில் ஏற்றுபவர்கள் இதைச் சோதித்தே ஆக வேண்டும்.

2011இன் சி தரம் 16 பிட், 32 பிட் என்று அகலம் உறுதியான எழுத்து வகைகளைக் கொண்டுவந்தது. 2024இல் வெளியான சி23 அவற்றின் என்கோடிங் யூடிஎஃப்-16, யூடிஎஃப்-32 தான் என்று உறுதி செய்து, யூடிஎஃப்-8க்கும் தனி வகை கொடுத்தது. விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு முதல், மேனிஃபெஸ்டில் ஒரு வரி எழுதி யூடிஎஃப்-8ஐயே நிரலின் கோட்பேஜாக வைக்கலாம். தமிழுக்குக் கோட்பேஜ் இல்லை என்ற இருபது ஆண்டுக் குறை அதோடு ஒருவழியாகத் தீர்ந்தது.

புதிதாக எழுதும் நிரலில் உள்ளும் புறமும் யூடிஎஃப்-8ஐயே வைத்துக்கொண்டு, விண்டோஸ் அழைப்புகளோ பழைய லைப்ரரிகளோ கேட்கும் இடத்தில் மட்டும் வைட் வடிவத்துக்குப் போய்த் திரும்புவதே இன்று சரியான வழி. பழைய நிரலைப் பராமரிப்பவர்கள் ஒவ்வொரு மாற்ற அழைப்பையும் தேடியெடுத்து லொக்கேல், திருப்பிய எண், இறுதிப் பூஜ்யம் மூன்றையும் பார்க்க வேண்டும். சோதனைத் தரவில் ‘காமாட்சி’, ஒரு முந்திரிக் குறி, ஓர் எமோஜி மூன்றையும் சேர்த்து, ‘லாங்’ மாறி இல்லாத சூழலில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.